மிசிசிப்பியிலிருந்து மக்கோந்தோவுக்கு: வாசகர் கேள்வி - பதில்

மார்க்வெஸ் படித்த வாசகர்களிடமிருந்து அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. (தலைப்பில் உள்ள மக்கோந்தோ, 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நடக்கும் கற்பனை ஊர்.) இந்த முறை பதில்கள் பெரும்பாலும் ஃபாக்னருக்கும் லத்தீன் அமெரிக்க நாவலுக்குமான கொடுக்கல் வாங்கல் பற்றித்தான்.

'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழில் படித்தேன். மார்க்வெஸுக்கு ஆசான் ஃபாக்னர் என்கிறார்கள். அவர் இருந்தது அமெரிக்காவின் மிசிசிப்பி, இவர் கொலம்பியக் கடற்கரை. ஆங்கிலத்தில் எழுதியவர் ஸ்பானிய மொழிக்காரருக்கு எப்படி ஆசானானார்?
– கும்பகோணம் வாசகர்

புத்தகம் போன வழியைச் சொன்னாலே பாதி பதில் வந்துவிடும். நேர்வழியில் போகவில்லை, பாரிஸ் சுற்றிப் போனது. 1933இல் ஃபாக்னரின் 'சாங்க்சுவரி' பிரெஞ்சில் வந்தபோது அதற்குப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஆந்த்ரே மால்ரோ முன்னுரை எழுதினார். அடுத்த ஆண்டே மொரீஸ் குவாந்த்ரோவின் மொழிபெயர்ப்பில் 'ஆஸ் ஐ லே டையிங்' வந்தது. 1939இல் தத்துவவாதி சார்த்ர் ஃபாக்னரின் காலக் கணக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஃபாக்னரின் பாத்திரங்கள் ஓடும் காரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் என்பது அதில் வரும் உவமை. பாரிஸில் ஒரு பெயர் அடிபட்டால் அர்ஜென்டினத் தலைநகர் போனஸ் அய்ரெஸ் காது கொடுத்துக் கேட்கும். அன்றைய இலக்கியச் சந்தை அப்படி.

ஸ்பானிய மொழியில் முதலில் வந்ததும் 'சாங்க்சுவரி'தான். கியூபாக்காரரான லீனோ நோவாஸ் கால்வோ மொழிபெயர்த்து 1934இல் மாட்ரிடில் வெளியானது. அதன்பின் 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். அங்கே பதிப்புத் தொழில் படுத்துவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் பலர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். லொசாதா 1938இல், சுதமெரிகானாவும் எமெசேயும் 1939இல் என்று போனஸ் அய்ரெஸில் வரிசையாகப் பதிப்பகங்கள் எழுந்தன. ஃபாக்னரும் அந்த அச்சுக்கூடங்கள் வழியாகவே கண்டம் முழுக்கப் பரவினார். 1940இல் 'த வைல்ட் பாம்ஸ்', 1942இல் 'லைட் இன் ஆகஸ்ட்', அதே ஆண்டு 'ஆஸ் ஐ லே டையிங்', 1947இல் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி', 1950இல் 'அப்சலம், அப்சலம்!'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1940களின் நடுவில் அமெரிக்காவிலேயே ஃபாக்னரின் பெரும்பாலான புத்தகங்கள் அச்சில் இல்லை. விமர்சகர் மால்கம் கவ்லி 1946இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்த பிறகுதான் சொந்த ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1949க்கான நோபல் பரிசு 1950இல் அறிவிக்கப்பட்டபோது, கொலம்பியத் துறைமுக நகரமான பராங்கீயாவில் மார்க்வெஸும் அவருடைய நண்பர்களும் ஃபாக்னரைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். அல்வரோ செபேதா சமூதியோ, அல்ஃபோன்சோ ஃபுவென்மயோர், ஹெர்மான் வர்காஸ், இவர்களுக்கெல்லாம் மூத்தவரான கத்தலான் புத்தக வியாபாரி ரமோன் வின்யெஸ் என்று அது ஒரு ஜமா. போனஸ் அய்ரெஸிலிருந்து வரும் புத்தகக் கட்டுகளைப் பிரித்ததும் கைமாற்றிப் படிப்பார்கள்.

எனவே மார்க்வெஸ் படித்த ஃபாக்னர் ஸ்பானிய மொழி பேசும் ஃபாக்னர். இதை மறந்துவிட்டு ஆங்கில வாக்கியத்தையும் ஸ்பானிய வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பது அவற்றின் கண்ணில் படுவதில்லை.

'த வைல்ட் பாம்ஸ்' நாவலை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் போர்ஹெஸா, அவருடைய அம்மாவா?
– புதுச்சேரி வாசகி

அட்டையில் இருப்பது அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸின் பெயர். ஆனால் பிற்பாடு எழுதிய சுயசரிதைக் கட்டுரையில், தன்னுடையவை என்று கருதப்படும் மெல்வில், வர்ஜினியா உல்ஃப், ஃபாக்னர் மொழிபெயர்ப்புகளில் சில அம்மா செய்தவை என்று அவரே சொல்லிவிட்டார். போர்ஹெஸ் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பது தனிக் கேள்வி. அம்மாவைப் பெருமைப்படுத்துவதும் வாசகனைக் குழப்புவதும் அவருக்கு ஒருசேரப் பிடித்த காரியங்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறு. அந்த மொழிபெயர்ப்புக்கு மூலமாக இருந்தது அமெரிக்கப் பதிப்பு இல்லை. கொச்சைச் சொற்களைத் தணித்து வெளியிட்ட பிரிட்டிஷ் பதிப்பு. ஆகவே ஸ்பானிய வாசகர்களுக்குக் கிடைத்த ஃபாக்னர் கொஞ்சம் வாய் கழுவியவர். வாக்கியங்களும் மூலத்தைவிட இறுக்கமானவை. பெருவின் நாவலாசிரியர் வர்காஸ் யோசா முதலில் கையில் எடுத்த ஃபாக்னர் இந்தப் புத்தகம்தான். லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் சிலரின் நடையில் 'ஃபாக்னர் சாயல்' என்று நாம் சுட்டுவதில் எவ்வளவு போர்ஹெஸ் வீட்டுச் சாயல் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஹெமிங்வே, ஸ்டைன்பெக் எல்லாம் இருக்க ஃபாக்னர் மட்டும் ஏன் அங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டார்?
– நெய்வேலி வாசகர்

ஹெமிங்வேயும் வேர்விட்டார். மார்க்வெஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' குறுநாவலின் சிக்கனம் அவரிடம் கற்றது. ஆனால் ஃபாக்னரிடம் அவர்களுக்குக் கிடைத்தது அடையாளம் காணக்கூடிய ஒரு ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு. இடிந்த பண்ணை வீடுகள், பழைய அடிமை முறையின் கணக்குப் பேரேடுகள், செத்தும் அதிகாரம் விடாத கர்னல்கள், எல்லாரும் எல்லாருக்கும் ரத்தச் சொந்தமாக இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாத சிற்றூர். கொலம்பியாவின் கரீபியன் கரையும் ஏறக்குறைய அதே சரக்கு. அங்கே பருத்தி, இங்கே யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாழை. 1928 டிசம்பரில் சியேனகாவில் வாழைத் தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. செபேதா சமூதியோ 1962இல் எழுதிய 'லா காசா கிராந்தே' நாவலும், பிறகு மார்க்வெஸின் பெரிய நாவலும் அந்தச் சம்பவத்தைக் கதைக்குள் கொண்டுவந்தவை.

1961இல் மார்க்வெஸ் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து பஸ்ஸிலேயே அமெரிக்கத் தெற்கு வழியாக மெக்சிகோ போனார். ஃபாக்னரின் மண்ணைப் பார்ப்பதும் அந்தப் பயணத்தின் நோக்கம். தனக்கும் ஃபாக்னருக்கும் உள்ள ஒற்றுமை இலக்கியத்தைவிடப் பூகோளத்தில் அதிகம் என்று அவர் சொன்னதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று சிலர் எழுதினார்கள். அப்படித் தோன்றவில்லை. ஒரே மாதிரிச் சரக்கைக் கையாள ஒரே மாதிரி முறை தேவைப்பட்டது என்பது தொழில் தெரிந்தவர் பேச்சு. மறுத்தாரே தவிர, கடனை மறைக்கவில்லை. 1982இல் நோபல் மேடையில் 'என் ஆசான் வில்லியம் ஃபாக்னர்' என்று பெயர் சொல்லி, மனிதனின் முடிவை ஏற்க மறுக்கிறேன் என்று ஃபாக்னர் அதே ஊரில் பேசியதை எடுத்துக்காட்டினார்.

'தாக்கம்' என்று பொதுவாகச் சொல்லாமல், ஃபாக்னரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று துல்லியமாகக் காட்ட முடியுமா?
– திருநெல்வேலி கல்லூரி மாணவி

முடியும். இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஃபாக்னரின் 'ஆஸ் ஐ லே டையிங்', 1930. இன்னொன்று மார்க்வெஸின் முதல் நாவல் 'லா ஓஹராஸ்கா', 1955. தலைப்புக்குச் சருகுக் குப்பை என்று பொருள்.

முதலாவதில் ஆடி பண்ட்ரன் என்ற தாய் சாகிறாள். அவளுடைய விருப்பப்படி பிணத்தைச் சுமார் நாற்பது மைல் தள்ளி ஜெஃபர்சன் ஊரில் புதைக்கக் குடும்பமே வண்டி கட்டிப் போகிறது. 15 பேர் மாறி மாறிப் பேசும் 59 பகுதிகள். இரண்டாவதில் தூக்கு மாட்டிக்கொண்ட ஒரு டாக்டரின் பிணம். காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க மறுத்தவர் என்பதால் அவர் நாறிக் கிடக்கட்டும் என்கிறது ஊர். வாக்குக் கொடுத்துவிட்ட கிழக் கர்னல் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு அடக்கம் செய்யப் போகிறார். மூன்று பேரின் மனப்பேச்சு மட்டும்தான் நாவல்.

மேலோட்டமாகப் பார்த்தால் பிணம், அடக்கம், பல குரல் என்று ஒற்றுமை முடிந்துவிடும். உள்ளே போனால் மார்க்வெஸ் மாற்றிய இடங்கள்தான் சுவாரஸ்யம். ஃபாக்னர் ஒவ்வொரு பகுதிக்கும் பேசுபவரின் பெயரைத் தலைப்பாக வைக்கிறார். மார்க்வெஸ் வைப்பதில்லை, யார் பேசுகிறார்கள் என்பதை நாமே பிடிக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு ஆணி அடித்துவைக்கிறார்: இரண்டரை மணி ரயிலின் ஊதல். சவ வீட்டில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் அதைக் கேட்டு மணி இரண்டரை என்று நினைத்துக்கொள்கிறான். அதே ஊதல் வேறொரு தலையில் வேறொரு நினைவைக் கிளப்புகிறது. வெளியில் நடக்கும் கதை 1928 செப்டம்பரில் ஒரு நாளின் அரை மணி நேரம்தான். உள்ளுக்குள் ஓடுவது கால் நூற்றாண்டு. ஃபாக்னர் வண்டியை நகர்த்திக்கொண்டே போகிறார். மார்க்வெஸ் மூன்று பேரையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஊரை நகர்த்துகிறார். முன்னது பயணக் கதை, பின்னது காத்திருக்கும் கதை. காத்திருப்பு அதற்குப் பிறகு அவருடைய நிரந்தரச் சொத்தாகிவிட்டது.

இரண்டாவது பொருள், கற்பனை ஊர். ஃபாக்னர் தன் லஃபாயெட் மாவட்டத்தை யோக்னபடாஃபா என்று மாற்றி, 1936இல் 'அப்சலம், அப்சலம்!' நாவலின் கடைசியில் கையால் வரைந்த வரைபடமே போட்டார். பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298 பேர், கறுப்பர் 9,313 பேர், ஏக உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர் என்று பட்டா எழுதிய கணக்காகக் குறிப்பும் உண்டு. இதைப் பார்த்துத்தான் உருகுவேயின் ஹுவான் கார்லோஸ் ஒனெட்டி சாந்தா மரியாவைக் கட்டினார். ஆனால் அவர் செய்த திருகல் பிரமாதமானது. 1950இல் வந்த 'லா விதா பிரேவே' நாவலில் பிராவ்சன் என்ற ஒருவன் போனஸ் அய்ரெஸ் வீட்டில் உட்கார்ந்து அந்த ஊரைக் கற்பனை செய்கிறான்; பிறகு அந்தக் கற்பனைக்குள்ளேயே போய் இறங்கிவிடுகிறான். ஃபாக்னரின் ஊருக்கு வெளியில் ஒரு அசல் மாவட்டம் உண்டு. ஒனெட்டியின் ஊருக்கு வெளியே இருப்பது இன்னொரு கதாபாத்திரத்தின் தலை. அந்த ஊரை 1979இல் எழுதிய நாவலில் ஒனெட்டியே கொளுத்திவிட்டார்.

பெயர்களைத் திரும்பத் திரும்ப வைப்பது மூன்றாவது. 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி'யில் இரண்டு க்வென்டின். ஒருவன் ஆண், மற்றவள் அவனுடைய தங்கை மகள். ஜேசனும் இரண்டு. மார்க்வெஸ் அதைப் பெருக்கிப் பதினேழு அவுரேலியானோக்கள் வரை கொண்டுபோனார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம்மூர் வாசகர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

வர்காஸ் யோசா ஃபாக்னரைப் பேப்பரும் பேனாவுமாகப் படித்தாராமே? அப்படி என்ன குறித்தார்?
– கோவை வாசகர்

காலம் எங்கே வெட்டப்படுகிறது, ஒரு சம்பவத்தை யார் கண்ணால் காட்டுகிறார், எந்தத் தகவலை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறார் என்பதையெல்லாம். யோசா அவற்றுக்குப் பெயரும் வைத்தார். 'மறைத்த தகவல்' என்பது ஒன்று. 'சாங்க்சுவரி'யில் குற்றம் நடக்கும் இடத்தில் ஒரு முக்கிய விவரத்தை ஃபாக்னர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நீதிமன்றக் காட்சியில்தான் அது வெளியே வருகிறது. அதுவரை வாசகனின் மனம் அந்த ஓட்டையைச் சுற்றியே வட்டமடிக்கும்.

இன்னொன்று 'இணைந்த கலங்கள்'. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், கீழே குழாயால் இணைத்த பாத்திரங்களில் ஒன்றில் தண்ணீர் ஊற்றினால் எல்லாவற்றிலும் ஒரே மட்டம் ஏறும். 'த வைல்ட் பாம்ஸ்' அப்படிப்பட்ட புத்தகம். இரண்டு கதைகள், ஆளுக்கு ஐந்து அத்தியாயம், ஒன்று விட்டு ஒன்று. முதலாவதில் ஒரு காதல் ஜோடி எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடுகிறது. இரண்டாவதில் 1927 மிசிசிப்பி வெள்ளத்தில் படகோடு அடித்துப் போகப்படும் ஒரு கைதி, சிறைக்கே திரும்பிப்போக ஏங்குகிறான். இரண்டு கதை ஆட்களும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறுகிறது. 1977இல் யோசா எழுதிய 'ஹூலியா அத்தையும் கதாசிரியனும்' இதே ஒன்று விட்டு ஒன்று அமைப்பு: ஒற்றைப்படை அத்தியாயங்களில் பெரும்பாலும் காதல் கதை, இரட்டைப்படையில் வானொலித் தொடர்கள். ஃபாக்னரிடம் துக்கமாக இருந்த உத்தி இவர் கையில் சிரிப்பாகிவிட்டது.

1969இல் வந்த 'லா கதெத்ரால் உரையாடல்' இன்னும் துணிச்சல். லிமாவில் ஒரு மலிவான சாராயக் கடையில் சந்தியாகோவும் அம்ப்ரோசியோவும் நான்கு மணி நேரம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் ஒரு வரிக்கு அடுத்த வரி பல வருடம் முந்தைய வேறொரு அறையில் வேறு இருவர் பேசியதாக இருக்கும். இடையில் கோடு கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது. முதல் ஐம்பது பக்கம் தலை சுற்றும். ஒரு தாளில் பேச்சாளர்களின் பெயரை எழுதிக்கொண்டு படித்தால் நூறாம் பக்கத்துக்குள் பழகிவிடும்.

'பெத்ரோ பராமோ'வும் ஃபாக்னர் பாதிப்பில் எழுதியதுதானே?
– யாழ்ப்பாணம் வாசகர்

அதை எழுதிய மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஹாம்சன், லாக்ஸ்னஸ் போன்ற வட ஐரோப்பியர்களைத்தான் அவர் கை காட்டுவார். 1955இல் வந்த அந்த நாவலை 'அப்சலம், அப்சலம்!' பக்கத்தில் வைத்தால் ஒற்றுமைகள் கண்ணை உறுத்துவது நிஜம். ஃபாக்னரிடம் வெறுங்கையோடு தொடங்கி நிலத்தை வளைத்துப் போடும் சட்பன், ருல்ஃபோவிடம் ஊரையே விழுங்கும் பெத்ரோ பராமோ. இருவரையும் கடைசியில் வெட்டுவது அவர்கள் காலடியில் கிடந்த ஒரு ஏழை. ஆனாலும் ஒற்றுமை வேறு, தாக்கம் வேறு. செத்துக் கிடக்கும் பெண்ணின் மனப்பேச்சாகச் சிலியின் மரியா லூயிசா பொம்பால் 1938லேயே ஒரு நாவல் எழுதிவிட்டார். பிணம் பேசினாலே ஃபாக்னர் என்று எழுதினால் இவரை எங்கே வைப்பது?

ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் தேதி: மூலம் அல்ல, அந்த எழுத்தாளர் படிக்கக்கூடிய மொழியில் புத்தகம் எப்போது கிடைத்தது? அடுத்து, படித்ததற்குக் கடிதமோ கட்டுரையோ பேட்டியோ சாட்சி உண்டா? மூன்றாவது, அந்தக் குணம் வேறு எங்கிருந்தும் வந்திருக்க வாய்ப்பில்லையா? இந்த மூன்றையும் தாண்டிய பிறகு, எடுத்ததை என்ன செய்தார் என்று பாருங்கள். ஒனெட்டி மூன்றையும் தாண்டுவார். 1962இல் ஃபாக்னர் இறந்தபோது உருகுவேயின் 'மார்ச்சா' இதழில் அஞ்சலி எழுதியவர் அவர். மெக்சிகோவின் கார்லோஸ் ஃபுவெந்தஸும் தாண்டுவார். ஃபாக்னரைத் துயர நாடக ஆசிரியராக வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவருடைய 'ஆர்தேமியோ குரூஸின் மரணம்' படுக்கையில் கிடக்கும் கிழவனை நான், நீ, அவன் என்று மூன்றாகப் பிளக்கிறது. நான் நிகழ்காலம், நீ எதிர்காலம், அவன் தேதி போட்ட இறந்தகாலம். ருல்ஃபோ இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்.

எங்கள் ஊர்க் குடும்பச் சண்டையை ஐந்து பேர் சொல்வதாக நாவல் எழுதுகிறேன். படித்துப் பார்த்த நண்பர், ஐந்து பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்கிறார். எங்கே தவறு?
– தேனி வாசகர்

பல குரல் உத்தியை எடுக்கிற எல்லாருக்கும் வருகிற நோய் இது. ஃபாக்னர் அதை எப்படித் தவிர்த்தார் என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

'ஆஸ் ஐ லே டையிங்' 59 பகுதிகளில் மகன் டார்ல் பேசுவது 19. கடைக்குட்டி வார்டமன் 10, பக்கத்து வீட்டு டல் 6, தச்சன் கேஷ் 5, மகள் டூயி டெல் 4. ஏழு பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. ஐந்து பேருக்கும் சமபங்கு கொடுத்திருந்தால் அங்கேதான் முதல் தவறு. சமபங்கு கொடுத்தால் நாவல் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். ஒருவர் முதுகில் பாரத்தை ஏற்றுங்கள். மற்றவர்கள் இடையிடையே வரட்டும். செத்த ஆடிக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பகுதி, அதுவும் 40ஆவதாக. அவள் இறந்து வெகுநேரம் கழித்து. அந்த ஒன்றுதான் மற்ற 58ஐயும் புரட்டிப் போடுகிறது.

இரண்டாவது, ஆசை. எல்லாரும் அம்மாவைப் புதைக்கத்தான் போகிறார்கள். ஆனால் அப்பனுக்கு டவுனில் பல்செட் வாங்க வேண்டும். மகளுக்குக் கருவைக் கலைக்க மருந்து வேண்டும். கேஷுக்குக் கிராமபோன் மேல் கண், சின்னவனுக்குக் கடையில் இருக்கும் பொம்மை ரயில் மேல். ஒரே வண்டியில் ஆளுக்கொரு மூட்டை. உங்கள் ஐந்து பேருக்கும் சண்டையைத் தவிர வேறு என்ன வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த ஆள் பேசத் தகுதியில்லாதவர், எடுத்துவிடலாம்.

மூன்றாவது, பேச்சின் வடிவம். வட்டார வழக்கை மாற்றினால் குரல் மாறிவிடும் என்பது பெரிய ஏமாற்று. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரே வழக்குதானே இருக்கும்? ஃபாக்னர் மாற்றுவது மனம் வேலை செய்யும் விதத்தை. அம்மாவுக்குப் பெட்டி செய்யும் கேஷ், மூலைப் பலகைகளை ஏன் சாய்வாக இழைத்தேன் என்று 1 முதல் 13 வரை எண் போட்டுக் காரணம் சொல்கிறான். துக்கம் என்ற வார்த்தையே இல்லை. அந்தப் பட்டியல்தான் அவன் துக்கம். வார்டமனின் ஒரு பகுதி முழுவதும் ஒரே வாக்கியம்: என் அம்மா ஒரு மீன். அம்மா சாகிற நாளில் அவன் மீன் பிடித்து அறுத்தவன். சாவை அந்த வழியில்தான் அவனால் புரிந்துகொள்ள முடிகிறது. கணக்குப் போடுகிற ஆளா, உவமையாக யோசிக்கிற ஆளா, மற்றவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிற ஆளா என்று முடிவு செய்துவிட்டால் வட்டார வழக்கைத் தொடவே வேண்டாம்.

நான்காவது, ஒருவர் சொன்ன சம்பவத்தையே அடுத்தவரும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவது. அந்த இடத்தில் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அடுத்த குரல் கதையைக் கொஞ்சமாவது முன்னே நகர்த்த வேண்டும், இல்லையென்றால் முந்தையவர் பொய் சொன்னதைக் காட்ட வேண்டும். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, மேலே சம்பவங்கள், பக்கவாட்டில் ஐந்து பெயர்கள் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'பார்த்தார்', 'கேள்விப்பட்டார்', 'தெரியாது' என்று குறியுங்கள். 'தெரியாது' பாதிக்கு மேல் இருந்தால் நாவல் உயிரோடு இருக்கிறது.

நீண்ட வாக்கியத்தை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். 'அப்சலம், அப்சலம்!' நாவலில் 1,288 சொற்களில் ஒரே வாக்கியம் வந்து கின்னஸ் புத்தகம்வரை போனது. அதைப் பார்த்து எழுதியவர்களில் தப்பித்தவர்கள் குறைவு. மார்க்வெஸே தயாராக இருபது வருடம் ஆயிற்று. பத்தியே பிரிக்காத 'குலபதியின் இலையுதிர்காலம்' வந்தது 1975இல்.

'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி'யைத் தமிழில் கொண்டுவர நினைக்கிறேன். முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன்.
– சென்னை வாசகி

எல்லா மொழியிலும் அங்கேதான் சிக்குகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய 33 வயது பெஞ்சி வேலிக்கு அப்பால் நடக்கும் கோல்ஃப் ஆட்டத்தைப் பார்க்கிறான். ஆடுகிறவர் பை தூக்கும் பையனை 'கேடி' என்று கூப்பிடுகிறார். பெஞ்சி ஓலமிடத் தொடங்குகிறான். காரணம் சொல்லப்படுவதில்லை, வீட்டை விட்டுப் போன அவனுடைய அக்கா பெயரும் கேடிதான். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே தலைவலி.

தமிழில் இன்னொரு முள்: போலீஸ் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்த 'கேடி' நம் வாசகர் காதில் முதலில் விழும். 'கேடிப் பையன்' என்று மொழிபெயர்த்தால் கதை முடிந்தது. செய்யக்கூடியது: இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் 'கேடி'யை வைத்து, கோல்ஃப் பந்தையும் கொடியையும் பையையும் பக்கத்திலேயே காட்டிவிட்டால் வாசகர் ஓரிரு பக்கத்தில் பிடித்துக்கொள்வார். அடிக்குறிப்பு போட்டு உடைத்துவிடாதீர்கள். பெஞ்சிக்குத் தெரியாத காரணத்தை வாசகரும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது, காலம் தாவும் இடங்கள். மூலத்தில் சாய்வெழுத்து. அது போதாது என்று ஃபாக்னருக்கே தெரியும்; வண்ண மையில் அச்சிட முடிந்தால் நன்றாயிருக்கும் என்றார். 2012இல் லண்டன் ஃபோலியோ சொசைட்டி 14 வண்ணங்களில் அப்படி ஒரு பதிப்பு கொண்டுவந்தது. தமிழ் எழுத்துருக்களில் சாய்வு எடுபடாது, அச்சுப் பிழை மாதிரி இருக்கும். எழுத்தின் கனத்தையோ எழுத்துருவையோ மாற்றலாம். அதற்கு முன் உங்கள் கைப்பிரதியில் ஒவ்வொரு தாவலுக்கும் வண்ணப் பென்சிலால் கோடிட்டு, எந்த வருடம், பெஞ்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பையன் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். வெர்ஷ் என்றால் குழந்தைப் பருவம், டி.பி. என்றால் இளமை, லஸ்டர் என்றால் 1928. இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி இருட்டு விலகும்.

எந்த வரிசையில் படிக்கலாம்?
– சேலம் வாசகர்

'ஆஸ் ஐ லே டையிங்' முதலில், உடனே 'லா ஓஹராஸ்கா'. பிறகு 'லைட் இன் ஆகஸ்ட்'. ஃபாக்னரில் கதை நேராக ஓடுவது ஓரளவு அதில்தான். அடுத்து 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி'. அதன் நான்கு பகுதிகளுக்கும் தேதிதான் தலைப்பு: 1928 ஏப்ரல் 7, 1910 ஜூன் 2, 1928 ஏப்ரல் 6, 1928 ஏப்ரல் 8. பெஞ்சி பகுதியில் மூச்சு முட்டினால் மூன்றாவது பகுதியைப் படித்துவிட்டு முதலுக்குத் திரும்பலாம். பாவமில்லை. 'அப்சலம், அப்சலம்!' கடைசி, அதன் பின்னால் 'பெத்ரோ பராமோ'. 'சாங்க்சுவரி'யில் தொடங்க வேண்டாம். பணத்துக்காக எழுதியது என்று ஃபாக்னரே முன்னுரையில் சொல்லிக்கொண்டது அது. உத்தி கற்கத் திரும்பி வரலாம்.

ஃபாக்னர் லத்தீன் அமெரிக்கா போயிருக்கிறாரா?
– மதுரை வாசகர்

போயிருக்கிறார். 1954 ஆகஸ்டில் எழுத்தாளர் மாநாட்டுக்காக சாவ் பாவ்லோ, போகும் வழியில் லிமா. 1961 ஏப்ரலில் வெனிசுவேலா. இரண்டு பயணத்துக்கும் ஏற்பாடு அமெரிக்க வெளியுறவுத் துறை. அடுத்த ஆண்டு ஜூலை 6ஆம் தேதி இறந்துவிட்டார். மக்கோந்தோவின் பெரிய நாவல் போனஸ் அய்ரெஸில் சுதமெரிகானா வெளியீடாக வந்தது 1967இல். 'த வைல்ட் பாம்ஸ்' ஸ்பானிய மொழியில் வந்ததும் அதே பதிப்பகத்தில்தான்.